சேலத்து வெயில், ஏற்காட்டு மூடுபனி, ஜனவரியில் ஜெய்சல்மேர்: தலைக்கு எதை வாங்குவது?

அஸ்தம்பட்டி வாசி:
வணக்கம். எனக்கு வேலை ஏற்காட்டில், வீடு சேலத்தில். தினமும் ஸ்கூட்டியில் அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்க வேண்டும். காலையில் கிளம்பும்போதே கழுத்தெல்லாம் வியர்த்துவிடும், பாதி மலை ஏறுவதற்குள் காது விறைத்துப்போகும், சாயங்காலம் இறங்கும்போது மூடுபனியில் துப்பட்டா நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, வீடு வந்து சேரும்போது தொண்டை கட்டியிருக்கும். இது என் பிரச்சினை.

இன்னொன்று, ஜனவரி முதல் வாரம் அப்பா அம்மாவை டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், ஜெய்சல்மேர் கூட்டிப்போகிறோம். அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது. தோளில் துண்டு இல்லாமல் வாசல் தாண்டமாட்டார், குல்லா என்று பேச்செடுத்தால் "நான் என்ன கைக்குழந்தையா" என்பார். அம்மாவுக்குக் கம்பளி பட்டாலே அரிப்பு. இது போதாதென்று ஜூன் மாதம் தம்பி நண்பர்களோடு லடாக்கில் இருக்கிற லே போகிறானாம், இப்போதே ஒரு கவ்பாய் தொப்பியை ஆன்லைனில் பார்த்துவைத்திருக்கிறான்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே மங்கி குல்லாவைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். ஊருக்கு ஊர் தனித்தனியாக வாங்க வேண்டுமா, இல்லை ஒன்றிரண்டை வைத்துச் சமாளிக்கலாமா?

நாகலூர் காப்பித்தோட்டம்:
முதலில் உங்கள் மலைப்பாதை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஏற்காடு 1515 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு, அப்படியானால் ஒரே நாளில் மேலுக்கும் கீழுக்கும் 8 டிகிரி வித்தியாசம். ஆனால் உங்களைப் படுத்துவது அந்த 8 டிகிரி இல்லை, ஈரம். எங்கள் மலைக்குளிர் டெல்லிக்குளிர் மாதிரி காய்ந்த குளிர் கிடையாது. மேகமே ரோட்டில் இறங்கி நிற்கும், அதற்குள் வண்டி ஓட்டினால் பருத்தித்துணி நீரைக் குடித்துக்கொண்டே போகும், நூலுக்கு நடுவில் இருக்கிற காற்றெல்லாம் போய் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், அப்புறம் அந்தத் துணியே உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். நீங்கள் சொல்கிற தொண்டைக்கட்டு அதனால்தான் என்று நினைக்கிறேன்.

காப்பிப்பழம் பறிக்க வருகிற பெண்களைக் கவனித்துப் பாருங்கள். தலையில் துண்டு கட்டுவார்கள், அது வியர்வைக்கும் கிளை கீறாமல் இருப்பதற்கும். தூறல் விழுந்தால் அதையே நம்பி நிற்கமாட்டார்கள், மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் அது சாக்குக் கொங்காணி, அதாவது சாக்கை மடித்துத் தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொள்வது. உள்ளே உறிஞ்சுகிற துணி, வெளியே தண்ணீர் விடாத ஒன்று. வண்டிக்கும் இதே கணக்குதான். ஏறும்போது கழுத்தில் மெல்லிய பருத்தி போதும். இறங்கும்போது அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பைக்காரர்கள் போடுகிற குழாய் மாதிரியான கழுத்துத்துணி, பாலியெஸ்டரில் கிடைக்கும், அதைப் போட்டுக் கழுத்து மூடிய மழைக்கோட்டின் ஜிப்பை மேலே வரை இழுத்துவிடுங்கள். பாலியெஸ்டர் நனைந்தாலும் உதறினால் காய்ந்துவிடும்.

துப்பட்டா மட்டும் வண்டியில் வேண்டவே வேண்டாம். முனை பறந்து பின்சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

டெல்லி போய் வந்த கன்னங்குறிச்சி:
அக்கா, ஜனவரி முதல் பாதிதான் டெல்லியில் குளிர் உச்சம். ராத்திரி 5, 6 டிகிரிக்குப் போகும், பனிமூட்டம் விலகாத நாளில் பகலிலும் வெயிலே இருக்காது. ஆனால் நம் ஊர் ஆட்கள் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கே சாதாரண லாட்ஜ்களில் அறையைச் சூடாக்க ஏற்பாடு இருக்காது. கல்தரை, உயரமான கூரை, வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகம் குளிர்கிற மாதிரி இருக்கும். அதனால் மங்கி குல்லா தெருவில் போடுவதற்கு என்பதைவிட ராத்திரி தூங்கும்போது போட்டுக்கொள்ளத்தான் அதிகம் உதவும். அப்பாவும் அறைக்குள்ளே என்றால் போட்டுக்கொள்வார், யார் பார்க்கப்போகிறார்கள்.

வெளியே போக அப்பாவுக்கு மப்ளர் வாங்குங்கள், குல்லா என்ற பேச்சே எடுக்காதீர்கள். சாதாரண மப்ளரைவிடக் கொஞ்சம் அகலமாக, நீளம் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். தோளில் போட்டால் துண்டு, குளிரெடுத்தால் காதை மூடி முண்டாசாகக் கட்டிக்கொள்ளலாம், மெட்ரோவுக்குள் புழுங்கினால் மறுபடி தோளுக்கு வந்துவிடும். அங்கே ஒரு நாளில் பத்துத் தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும், வயசானவர்களுக்குத் தலைவழியாக இழுக்கிற எதுவும் சள்ளை, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் மோசம்.

இன்னொன்று. டெல்லியில் அந்தப் பனிமூட்டத்தில் பாதி புகை. மூக்கைச் சுற்றி ஸ்கார்ஃப் கட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்த நுண்தூசி துணிக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். அதற்கு என்95 முகக்கவசம்தான். ஸ்கார்ஃப் குளிர்காற்றுக்கும், ஜெய்சல்மேர் மணலுக்கும் சரி.

சும்மா கேட்கிறேன்:
உடம்புச் சூட்டில் பாதி தலைவழியாகத்தான் போகுமாம். இருக்கிறதிலேயே தடியான கம்பளிக் குல்லாவாகப் பார்த்து வாங்கிவிட்டால் மற்ற எதுவும் தேவையில்லையே? எதற்கு இவ்வளவு யோசனை?

குகை நெசவு:
@சும்மா கேட்கிறேன், அந்தப் பாதிக்கணக்கு பழைய கட்டுக்கதை. தலை உடம்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், சூடும் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் போகும். மற்ற இடமெல்லாம் மூடி தலை மட்டும் திறந்திருந்தால் அங்கேதான் குளிரும், அவ்வளவுதான் விஷயம். ஸ்வெட்டரும் சாக்ஸும் இல்லாமல் தடிக்குல்லா மட்டும் போட்டுக்கொண்டு தாஜ்மகாலுக்கு விடியற்காலையில் போனால் நடுங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

அம்மாவின் அரிப்புக்கு வருகிறேன், எனக்குத் தெரிந்த சரக்கு அது. பெரும்பாலும் கம்பளிக்கு ஒவ்வாமை என்று ஒன்று இருக்காது, இழையின் தடிமன்தான் காரணம். 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போனால் இழைமுனை வளையாது, தோலைக் குத்தும். மெரினோ என்று விற்கிற நல்ல கம்பளி 20 மைக்ரானுக்குப் பக்கத்தில் இருக்கும், குத்தாது. பஷ்மினா 12லிருந்து 16 மைக்ரான், அதனால்தான் அந்த மெத்து. லடாக்கின் சாங்தாங் பக்கம் மேய்கிற ஆட்டின் அடிமயிர் அது. இதைத் தெரிந்துகொண்டால் ஆக்ராவிலும் ஜெய்ப்பூரிலும் 300 ரூபாய்க்குப் பஷ்மினா என்று கூவி விற்பதைப் பார்த்துக் கையை வைக்கமாட்டீர்கள். அது மரக்கூழில் செய்கிற விஸ்கோஸ் அல்லது பிளாஸ்டிக் மாதிரி செயற்கை இழையான அக்ரிலிக். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூல் மட்டும் உருவி எரித்துப் பாருங்கள். கம்பளி என்றால் மயிர் கருகிய நாற்றம் வரும், சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகி ஓடிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். விஸ்கோஸ் காகிதம் எரிகிற மாதிரி எரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த 300 ரூபாய் விஸ்கோஸ் சால்வை ஒன்றும் கெட்ட துணி இல்லை. பெயரைத்தான் பொய்யாகச் சொல்கிறார்கள். டெல்லிக் குளிருக்கு ஆகாது, ஜெய்ப்பூரில் பகலில் மேலே போட்டுக்கொள்ள நன்றாகவே இருக்கும்.

காசு செலவழிக்காத வழி: வீட்டில் வாயில் என்று சொல்கிற மெல்லிய பருத்தியில் பழைய புடவை இருக்கும். அதை வெட்டிக் குல்லாவுக்குள்ளே, நெற்றி, காது, தாடை படுகிற இடத்தில் மட்டும் உள்துணியாகத் தைத்துவிடுங்கள். தையலைத் தளர்வாகப் போடுங்கள், இல்லாவிட்டால் குல்லா இழுபடாது. துவைக்கும்போது கம்பளியை வெந்நீரில் போட்டுக் கும்மாதீர்கள், சுருங்கிக் குழந்தை சைஸுக்கு வந்துவிடும்.

அஸ்தம்பட்டி வாசி:
மப்ளர் யோசனை பிரமாதம், அப்பாவிடம் "வடநாட்டுத் துண்டு" என்றே சொல்லப்போகிறேன். ஜெய்சல்மேருக்குத் தனியாக ஏதாவது? அப்புறம் ஹெல்மெட்டுக்குள் காதுக்கு என்ன செய்வது, யாரும் சொல்லவில்லையே.

டெல்லி போய் வந்த கன்னங்குறிச்சி:
ஜெய்சல்மேரில் ஜனவரிப் பகல் 24 டிகிரிக்கு வரும், நம் ஊர் மார்கழி மாதிரி சுகமாக இருக்கும். சூரியன் இறங்கியதும் ஆட்டம் மாறிவிடும். காற்றில் ஈரமும் இல்லை, மேகமும் இல்லை, மணல் பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும், 8 டிகிரிக்கு இறங்கிவிடும். பக்கத்தில் சம் என்கிற இடத்து மணல்மேட்டுக்கு எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் போவார்கள், வெயிலில் போய்க் குளிரில் திரும்புவீர்கள். அதனால் தொப்பி, மப்ளர் இரண்டும் கையில் இருக்கட்டும். தொப்பிக்குத் தாடையில் கட்டுகிற கயிறு கட்டாயம், ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு பறந்த தொப்பியைத் துரத்த முடியாது.

அங்கே உள்ளூர்க்காரர்கள் கட்டுகிற சாஃபா என்ற தலைப்பாகை 9 மீட்டர் வரை போகும், மடிப்புக்கு மடிப்பு காற்று நிற்பதால் வெயிலுக்கும் குளிருக்கும் அதுவே போதும். சுற்றுலாக் கடையில் கட்டிவைத்தே விற்பது போட்டோவுக்குத்தான். பாந்தினி, அதாவது முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றின துணி வாங்கினால் கட்டுவதற்கு முன் தனியாக ஒருமுறை அலசிவிடுங்கள். சாயம் போகிற சரக்கும் உண்டு, வியர்வை பட்டால் வெள்ளைச் சட்டை காலி.

20வது வளைவு:
ஹெல்மெட் கேள்விக்கு நான் சொல்கிறேன். கம்பளிக் குல்லா மேல் ஹெல்மெட் போடவே கூடாது. தடிமன் இருப்பதால் ஹெல்மெட் மேலே ஏறி நிற்கும், விழுந்தால் கழன்றுகொள்ளும். பின்தலையில் ஸ்கார்ஃப் முடிச்சுப் போட்டு அதன்மேல் மாட்டுவதும் தப்பு, அந்த முடிச்சு தலையை அழுத்தும், ஹெல்மெட்டும் சரியாக உட்காராது. சாட்டின் மாதிரி வழுக்குகிற துணியும் வேண்டாம். முகத்தையும் கழுத்தையும் சேர்த்து மூடுகிற மெல்லிய பாலக்லாவா பைக் சாமான் கடைகளில் கிடைக்கும், தையல் தட்டையாக இருக்கிறதா என்று உள்ளே திருப்பிப் பாருங்கள், இல்லையென்றால் நெற்றியில் கோடு விழுந்துவிடும். இரண்டு வாங்கி வைத்துக்கொண்டால் ஏறும்போது வியர்த்ததை மாற்றிவிட்டுக் காய்ந்ததோடு இறங்கலாம். சேலத்துக் கோடைக்கு அதிலேயே மெல்லிய பருத்தியில் ஒன்று.

ஏப்ரல், மே மாதம் சேலத்தில் மதிய வெயிலில் நடக்க வேண்டியிருந்தால் ஈரிழைத் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தில் போடுவது இங்கே வேலை செய்யும், காற்று காய்ந்திருப்பதால் ஈரம் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். இதையே சென்னையில் செய்தால் கசகசப்புதான் மிச்சம்.

தம்பியின் கவ்பாய் தொப்பியைப் பற்றி: லேயே 3500 மீட்டர். அங்கிருந்து கர்துங்லா கணவாய்க்குப் போவார்கள், அது 5359 மீட்டர். ஆயிரம் மீட்டருக்குப் புறஊதாக் கதிர் பத்துச் சதவீதம் கூடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூனிலும் கணவாயில் பனி கிடக்கும், புதுப்பனி 80 சதவீதம் வரை கதிரைத் திருப்பி அடிக்கும், அது கீழேயிருந்து முகத்துக்கு வருவதால் எவ்வளவு அகல விளிம்பு வைத்தாலும் தடுக்காது. சன்ஸ்கிரீனும் கண்ணாடியும் வேண்டும். தொப்பி என்றால் சுற்றிலும் 7, 8 சென்டிமீட்டர் விளிம்பு, மடக்கிப் பையில் வைக்கிற மாதிரி துணி, நெருக்கமான நெசவு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிற வைக்கோல் தொப்பி வெயிலுக்கு வடிகட்டி மாதிரிதான். கிரிக்கெட் தொப்பி போட்டால் காதும் பிடரியும் வெந்துவிடும். கவ்பாய் தொப்பி விறைப்பாக இருக்கும், அங்கே அடிக்கிற காற்றில் தலையில் நிற்காது, பையிலும் அடங்காது. வாங்கியே தீருவேன் என்றால் ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் மேட்டில் ஒருநாள் மாலை போட்டு நிற்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். குரங்கு பிடுங்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

அஸ்தம்பட்டி வாசி:
தம்பியிடம் காட்டினேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறான். கடைசியாக ஒன்று. அம்மாவுக்குக் கொண்டை பெரியது, எந்தக் குல்லாவும் பின்னால் உட்காரமாட்டேன் என்கிறது. இழுத்துவிட்டால் காது வெளியே வந்துவிடுகிறது.

குகை நெசவு:
குல்லாவை விட்டுவிடுங்கள் அம்மணி. காதையும் நெற்றியையும் மட்டும் சுற்றுகிற பட்டை, நாலு விரல் அகலத்தில் பின்னல் சரக்காகக் கிடைக்கும், உள்ளே அந்த வாயில் துணியைத் தைத்துவிட்டு அதைக் கொண்டைக்குக் கீழே மாட்டச் சொல்லுங்கள். மேலே மெரினோ சால்வையை முக்காடாகப் போட்டால் கொண்டையும் கலையாது. கடையில் வாங்கும்போது நெற்றியிலிருந்து கொண்டைக்கு அடியில் சுற்றி நூலால் அளந்து எடுத்துப் போங்கள், அந்தப் பட்டையை இழுக்காமல் வைத்தால் நூலைவிட மூன்று விரல் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு மேல் சின்னதாக இருந்தால் ராத்திரி தலைவலிதான்.