சாப்பிட மறுக்கும் பிள்ளைக்குக் குடும்பம் சார்ந்த சிகிச்சை: கோவை, ஈரோடு பக்கம் யாரைப் பார்க்கலாம்?

வணக்கம். நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம். என் அக்கா மகளுக்கு 16 வயது. எட்டு மாதமாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தவள், இப்போது அரிசிம்பருப்பு சாதத்தில் நாலு வாய் வைக்கவே அழுகிறாள். அம்மாயி ஆசையாகச் சந்தகை பிழிந்து கொடுத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறாள். முதலில் பார்த்த இடத்தில் டானிக் எழுதி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கோவையில் ஒரு மனநல மருத்துவர்தான் இது அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைத் தவிர்க்கும் மனநலப் பாதிப்பு என்றார்.

இந்த வயதுக்குக் குடும்பம் சார்ந்த சிகிச்சையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறார். 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை. என்ன, எவ்வளவு சாப்பிடுவது என்பதை முதலில் பெற்றோரே முடிவு செய்து, கூடவே உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும். எடை ஏறியதும் பொறுப்பு மெல்ல மெல்லப் பிள்ளையிடம் திரும்பும். யார் மேலும் பழி போடாத முறை இது. "என்னாலதான் இப்படி ஆயிருச்சு" என்று அழுத அக்காவுக்கு அதைக் கேட்டதே பெரிய ஆறுதல்.

ஆனால் அந்த மருத்துவருக்கு இதில் பயிற்சி இல்லையாம். கோவை, ஈரோடு, திருப்பூரில் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்களா? தமிழில் பேசினால் வீடியோவிலும் சரி. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) எடுத்தவர்களும் சொல்லுங்கள். எடை குறைந்தவர்களுக்கு அது சுமார் 40 அமர்வுகள் போகுமாம், செலவு எவ்வளவு ஆனது?

பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு இறங்கி இதயத்துக்கே ஆபத்தாகலாம் என்பதால் பரிசோதனைகள் தனியாக நடக்கின்றன. அதனால் உடம்பு தேற்றும் கைவைத்தியம் மட்டும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியில் யார் கூட உட்கார்ந்தார்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று அனுபவப்பட்ட பெற்றோர் எழுதினால் இன்றைக்கே அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன்.