சவ்வே இல்லாத நியூக்ளியோலஸ் கரைந்து போகாமல் இருப்பது எப்படி?

உயிரியல் ஆசிரியை:
வணக்கம். பிளஸ் 1 வகுப்பில் செல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சவ்வு உண்டு, லைசோசோமுக்கும் உண்டு, உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸுக்கு மட்டும் கிடையாது என்றால் அதிலுள்ள பொருள்கள் உட்கரு முழுவதும் பரவிவிடாமல் ஓரிடத்தில் உருண்டையாக நிற்பது எதனால் என்று கேட்டாள். ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைப் போல என்று சொல்லிச் சமாளித்தேன். “எண்ணெய் தண்ணீரில் கரையாது, புரதம் கரையுமே மிஸ்” என்று அவள் அடுத்துக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நாளை வகுப்பில் சொல்ல உதவும்.

பிப்பெட்:
உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்விதான் நேராக விஷயத்துக்கு வருகிறது. எண்ணெய் உவமை தோற்றத்துக்குப் பொருந்தும், காரணத்துக்குப் பொருந்தாது. நியூக்ளியோலஸின் உள்ளேயும் நீர் நிறைய இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது. வேறுபடுவது அந்தந்தப் புரதமும் ஆர்.என்.ஏ.வும் எங்கே எவ்வளவு செறிந்துள்ளன என்பதே. இத்தகைய புரதங்கள் பலவற்றில் நிலையான மடிப்பின்றி நூல்போல் நெளியும் நீண்ட பகுதிகள் உண்டு. வேறு சிலவற்றில் ஒரே வகைப் பிணைப்பிடம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு பிணைப்பும் எளிதில் அறுந்துவிடக்கூடியதுதான் என்றாலும், ஒரு மூலக்கூறுக்குப் பல கைகள் இருப்பதால் ஒன்று விடும்போது இன்னொன்று பற்றிக்கொள்கிறது. செறிவு ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை அவை கரைந்தே கிடக்கும். வரம்பைத் தாண்டினால், குளிர்ந்த காற்று தாங்க முடியாத ஈரம் பனித்துளியாக இறங்குவதைப் போல, மிகுதியானவை துளிகளாகத் திரளும். ஆகவே புரதம் கரையும் என்று அவள் சொன்னது சரி. ஓர் அளவுக்குத்தான் கரையும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012இல் மைக்கேல் ரோசனின் குழு, பிணைப்பிடங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் குறைந்த செறிவிலேயே துளிகள் தோன்றுவதைச் சோதனைக் குழாயிலேயே காட்டியது.

இந்தப் பார்வைக்கு வழி திறந்தது ஒரு புழு. சி. எலிகன்ஸ் புழுவின் ஒற்றைச் செல் கருவில், பின்னாளில் இனச்செல்லாகும் பக்கத்தில் மட்டும் பி-துகள்கள் என்னும், புரதமும் ஆர்.என்.ஏ.வும் கலந்த சவ்வில்லாத திரட்சிகள் சேர்கின்றன. கிளிஃபர்ட் பிராங்வினும் அந்தோணி ஹைமனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கத்துத் துகள்கள் பின்பக்கத்துக்கு நகர்வதில்லை, அங்கேயே கரைகின்றன, பின்பக்கத்தில் புதிதாகத் திரள்கின்றன என்று தெரிந்தது. அவை உட்கருவின் மேற்பரப்பில் வழிந்தன, சொட்டின, இரண்டு தொட்டால் ஒன்றாயின. பிசுப்பை அளந்தபோது ஏறத்தாழ கிளிசரினை ஒத்திருந்தது. அதாவது தண்ணீரைப் போல் சுமார் 1000 மடங்கு.

லென்ஸ்:
மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. செல்லுக்குள் வட்டமாக ஒளிரும் புள்ளி எதைக் கண்டாலும் ‘திரவத் துளி’ என்று பெயர் சூட்டுவது சில ஆண்டுகளாகவே வழக்கமாகிவிட்டது. வட்டம் என்பது சான்று ஆகாது. ஒளிரும் புரதத்தை லேசர் கொண்டு துளியின் ஒரு பகுதியில் மட்டும் மங்கச் செய்து, அந்த இருட்டு எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்ப்பார்கள்; இதுவும் மூலக்கூறுகள் நகர்வதைத்தான் காட்டுமே தவிர, துளி எப்படி உருவானது என்பதைக் காட்டாது. பலவீனமான பிணைப்புகளை அறுக்கும் ஹெக்சேன்டையால் என்ற ஆல்கஹாலை ஊற்றினால் கரைகிறது, எனவே திரவம் என்ற வாதம் இன்னும் பலவீனமானது, ஏனெனில் அந்தப் பொருள் செல்லில் வேறு பலவற்றையும் குலைத்துவிடும். மேலும், துளி எப்போதும் துளியாகவே இருப்பதில்லை. நரம்புச் சிதைவு நோயான ஏ.எல்.எஸ்.ஸுடன் தொடர்புடைய எஃப்.யூ.எஸ். புரதத்தின் துளிகள் நேரம் செல்லச் செல்ல இறுகி நார்களாவதையும், நோயாளிகளிடம் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் அதை விரைவுபடுத்துவதையும் 2015இல் காட்டினார்கள்.

உயிரியல் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. இதை அவளிடம் சொன்னால் அடுத்து என்ன கேட்பாள் என்றும் தெரிகிறது: தொட்டால் ஒன்றாகும் என்றால், ஓர் உட்கருவில் இரண்டு மூன்று நியூக்ளியோலஸ்கள் தனித்தனியே இருப்பது எப்படி?

பிப்பெட்:
ஒன்றையொன்று தொட வேண்டுமே, அம்மா. நியூக்ளியோலஸ், ரைபோசோம் ஆர்.என்.ஏ. உருவாகும் மரபணுக்களைச் சுற்றித் திரள்கிறது. அந்த மரபணுக்கள் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் தொடக்கமே பல இடங்களில் நிகழ்கிறது. டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த குரோமாட்டின் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பதால் அவை நகர்ந்து சந்திக்க நெடுநேரம் ஆகும். செல் பிரியும்போது நியூக்ளியோலஸ் மறைகிறது என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் கடந்துபோவதும் இதே கணக்குத்தான்: ரைபோசோம் ஆர்.என்.ஏ. உற்பத்தி நிற்கிறது, புரதங்களில் பாஸ்பேட் ஏறுகிறது, திரட்சி கலைகிறது. பிரிந்து முடிந்ததும் மீண்டும் திரள்கிறது.

வகுப்பில் காட்ட ஒரு நல்ல உதாரணம் ஆப்பிரிக்கத் தவளையான ஜெனோபஸின் முட்டைச் செல். அது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது; அதன் உட்கருவில் நூற்றுக்கணக்கான நியூக்ளியோலஸ்கள் உள்ளன. ஆக்டின் என்ற புரத இழைகளாலான மெல்லிய வலை அவற்றைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் அந்த வலையைக் குலைத்தபோது, நியூக்ளியோலஸ்கள் தம் எடையாலேயே உட்கருவின் அடியில் இறங்கி, ஒன்றோடொன்று கலந்து பெரிய துளிகளாயின.