பார்பெல்லுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

பெருந்துறையிலிருந்து:

வணக்கமுங்க. கோவையில் ஒரு வார்ப்படப் பட்டறைக்காரர் வீட்டு ஜிம் சாமான் செய்து விற்கிறார். எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று 16 பக்கக் கையேடு ஒன்று போடுகிறார். தமிழாக்கம் என் தலையில். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தட்டு, பலகை வரைக்கும் வந்துவிட்டேன். இரண்டு முனையிலும் தட்டு மாட்டித் தூக்கும் பார்பெல், ஒரு கையில் தூக்கும் டம்பெல், மேலே பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல் மூன்றும் இடிக்கின்றன. பார்பெல்லின் தண்டை 'பார்' என்றே விட்டால் "வீட்டுக்கு நல்ல பார் அமைப்பது எப்படி" என்று தலைப்பு வருகிறது. அதைப் படித்துவிட்டு வருகிற ஆட்கள் வேறு.

பாருக்கு ஒரு சொல் மட்டும் போதாது. போட்டிக்கான ஆண்கள் பார் 20 கிலோ, 2.2 மீட்டர் நீளம். கை பிடிக்கும் இடம் 28 மில்லிமீட்டர், தட்டு மாட்டும் முனை 50. வீட்டுக்கு வாங்குகிற மலிவான பார் முழு நீளமும் ஒரே ஒல்லி. போன வருசம் நானே ஒல்லி பாருக்கு 50 மில்லிமீட்டர் ஓட்டைத் தட்டு வாங்கினேன். தொளதொளவென்று ஆடியது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியும் நிற்கவில்லை. ஆகவே தண்டு, முனை, ஓட்டை எல்லாவற்றுக்கும் குழப்பமில்லாத பெயர் வேண்டும்.

கோபியிலிருந்து:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தூக்குகோல். வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்தும்: தூக்கிய கோல், தூக்குகின்ற கோல், தூக்கும் கோல்.

திருப்பூரிலிருந்து:

ஐயா, தூக்குகோல் ஏற்கெனவே தராசு. சமன்செய்து சீர்தூக்கும் கோலை வள்ளுவர் நடுவுநிலைமைக்குக் கொடுத்துவிட்டார். அதைப் பிடுங்கி நெஞ்சுப் பயிற்சிக்கு வைப்பது நியாயமில்லை. அப்புறம், டம்பெல்லைக் 'கைக்குண்டு' என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஜோடி கைக்குண்டு கூரியரில் வந்தால் ஜாமீனுக்கு நான் வரமாட்டேன்.

கோபியிலிருந்து:

டம்பெல் என்றால் ஊமை மணி. தேவாலய மணி அடிப்பது போலக் கயிறும் பளுவும் வைத்து, மணியை மட்டும் விட்டுவிட்டு உடற்பயிற்சி செய்திருக்கிறார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. ஆக 'பெல்' என்ற வாலை நாம் சுமக்க வேண்டியதில்லை. கர்லாக்கட்டை இருக்க நமக்கு என்ன குறை? கரளை, அதாவது முண்டு முடிச்சு, அதிலிருந்து கரளைக்கட்டை, கர்லாக்கட்டை என்பது என் எண்ணம். தண்டாலும் தண்டு என்பதிலிருந்துதான்.

பொள்ளாச்சியிலிருந்து:

தண்டால் வடக்கே 'தண்ட்' என்று வழங்குவதன் உறவு. விட்டால் பஸ்கியையும் தொல்காப்பியத்தில் தேடுவீர்கள். சொல் புரிகிறதா என்று பாருங்கள், போதும். யூஜின் சாண்டோ என்ற ஜெர்மன் பயில்வான் 1905 வாக்கில் இந்தியா வந்தார். கோவை ராமநாதபுரத்துச் சின்னப்பா தேவர் அவர் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். கையில்லாத பனியனுக்கு அதே பெயர் வந்தது. திருப்பூர்க்காரர் சொல்லட்டும், சாண்டோ பனியனுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு ஒரு ஆளாவது கடைக்கு வந்திருக்கிறாரா?

திருப்பூரிலிருந்து:

வரவில்லை. 85 சைஸ் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

காங்கேயத்திலிருந்து:

தோட்டத்தில் தொண்டுப்பட்டி ஓரம் எங்கள் அப்புச்சி காலத்து வண்டி ஒன்று மாடில்லாமல் கிடக்கிறது. இந்த இழையைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். இரும்பு அச்சு. அதன் முனை நடுப்பகுதியை விடக் கொஞ்சம் வேறு கனம். சக்கரத்தின் நடுவில் குடம், குடத்தின் ஓட்டை வழியே அச்சு. சக்கரம் கழன்று ஓடாமல் இருக்க வெளியே கடையாணி. வண்டி மை காய்ந்து பிசுபிசுவென்று இன்னும் ஒட்டியிருக்கிறது. பார்பெல்லின் மொத்தச் சாமானும் அங்கேதான் இருக்கிறதுங்க. பார் அச்சு, தட்டின் ஓட்டை குடம், தட்டு கழலாமல் மாட்டும் கிளிப் கடையாணி. பீலி ஏற்றிய வண்டிக்கே அச்சு முறியும் என்றால், மலிவான பாரில் 100 கிலோ மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் கையேட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

பெருந்துறையிலிருந்து:

கடையாணியை எடுத்துக்கொண்டேன், கோடி நன்றி. கையேட்டில் ஒரு எச்சரிக்கை வருகிறது: பலகையில் படுத்துத் தனியாகத் தூக்குகிறவர், சட்டமும் தாங்கியும் இல்லையென்றால் கடையாணி போடக் கூடாது. நெஞ்சுமேல் மாட்டிக்கொண்டால் ஒருபக்கம் சாய்த்துத் தட்டை உதறிவிட அதுதான் வழி. தமிழில் எழுதிய பிறகுதான் எனக்கே அது விளங்கியது.

கோவைப் பட்டறையிலிருந்து (கையேட்டுக்காரர்):

அச்சு வேண்டாமுங்க. எங்கள் பட்டறையில் அச்சு என்றால் உலோகம் ஊற்றும் மண்ணச்சு. லேத்தில் நிற்கும் பையனிடம் "அச்சை எடு" என்றால் எதை எடுப்பான்? கடைக்கு வருகிறவர், "அண்ணா, ஒரு ராடு, ரெண்டு பத்துக் கிலோ பிளேட்டு" என்கிறார். ராடு என்றே போடுங்களேன்.

தாராபுரத்திலிருந்து:

யாருமே காவடியை நினைக்கவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. நடுவில் தோள், இரண்டு முனையிலும் சம பாரம். காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவுதடி காவடி ஆயிற்று. அதியமான் வாசலில் கோபித்துக்கொண்டு கிளம்பிய ஔவை 'காவினெம்' என்கிறாள், புறநானூறு 206. பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

பொள்ளாச்சியிலிருந்து:

தைப்பூசத்துக்கு ஊரே பழனிக்கு நடக்கிறது. "20 கிலோ காவடி, கை வழுக்காமல் இருக்க நர்லிங் என்ற சொரசொரப்பு போட்டது" என்று விளம்பரம் வந்தால் பட்டறை வாசலில் வேறு கூட்டம் நிற்கும்.

கோபியிலிருந்து:

நர்லிங்குக்கு என்ன சொல்?

பொள்ளாச்சியிலிருந்து:

ஐயா, வேண்டாம்.

திருப்பூரிலிருந்து:

கெட்டில்பெல்லை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ரஷ்யச் சந்தையில் தானியம் நிறுத்த எடைக்கல் அது. ஒரு 'பூட்' என்பது நம் கணக்கில் 16 கிலோ சொச்சம். 16, 24, 32 என்று இன்றும் விற்பது அதன் மிச்சம். உருவத்தைப் பார்த்தால் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி. போசிக்குண்டு என்கலாமா?

காங்கேயத்திலிருந்து:

சென்னைக்காரர்களுக்குப் போசி தெரியாதே.

திருப்பூரிலிருந்து:

தெரிந்துகொள்ளட்டும்.

பெருந்துறையிலிருந்து:

வியாழன் இரவு பத்தரை. பாருக்கு எடைத்தண்டு என்று நான்கு பேர் அரைமனதாகச் சொல்லிவிட்டார்கள். 'ராடு எனப்படும் எடைத்தண்டு' என்று முதல் இடத்தில் போட்டுவிட்டுப் பிறகு தண்டு. போசிக்குண்டு நிற்கிறது. டம்பெல் டம்பெல்லாகவே போகிறது, மன்னிக்கவும். கர்லாக்கட்டை வேறு சாமான். அதைச் சுழற்ற வேண்டும், இதைத் தூக்க வேண்டும்.

தாராபுரத்திலிருந்து:

கடைசிப் பக்கத்திலாவது 'காவடி என்றும் சொல்லலாம்' என ஒரு வரி சேர்த்தீர்களா?

பெருந்துறையிலிருந்து:

இடமில்லீங்க. அந்தப் பக்கம் முழுக்கப் பட்டறையின் ஃபோன் நம்பரும் வழியும்.

தாராபுரத்திலிருந்து:

இரண்டாம் பதிப்பு எப்போது?