ஹார்ட் டிஸ்க் திணறுது: முதல்ல செக்டிஸ்க்கா, காப்பியா?

மங்கல்_திரை:
பத்து வருஷப் பழைய லேப்டாப், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது, சில ஃபோல்டரைத் திறந்தா அப்படியே நின்னுடுது. டிஸ்க்கோட ஆரோக்கியத்தைக் காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள்ல எச்சரிக்கை காட்டுது: 05-க்கு ரா வேல்யூ 0, சி5-க்கு 28, சி7-க்கு 0. டக் டக் சத்தம் இல்லை. 180 ஜிபி போட்டோவுக்கு வேற காப்பி கிடையாது. விண்டோஸோட செக்டிஸ்க் ஓட்டிச் சரிபண்ணிட்டு காப்பி எடுக்கலாமா? எஸ்எஸ்டி போட்டா பிரயோஜனம் உண்டா?

ஸ்க்ரூ_டிரைவர்:
செக்டிஸ்க் பக்கமே போகாதீங்க. அது ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துற கருவி, டிஸ்க்கைக் குணப்படுத்தாது. படிக்க முடியாத இடத்துல முட்டி முட்டி நிக்கும். பாதி சிதைஞ்ச ஃபோல்டர் பதிவைத் தேவையில்லைன்னு வெட்டிடும்.

சி5-ல வர்ற அந்த 28 ஹெக்ஸ் (16 அடிமான) எண், நம்ம கணக்குல 40. படிக்க வராம தொங்கலில் இருக்கிற செக்டர்கள் (டிஸ்க்கோட சின்னத் துண்டுகள்) அவ்வளவு. உள்ளே 4 கேபி செக்டர் உள்ள டிஸ்க்னா 512 பைட் கணக்குல எண்ணிக்கை எட்டெட்டா ஏறும், அதனால நிஜத்துல அடிபட்டது 5 இடமா இருக்கலாம். அதுவும் டிஸ்க் இதுவரை கண்ணுல பட்டதை மட்டும்தான் சொல்லுது. 05 (மாற்று செக்டர் ஒதுக்கின எண்ணிக்கை) பூஜ்யமா இருக்கேன்னு நிம்மதி ஆகாதீங்க. அந்த இடத்துல மறுபடி எழுதும்போதுதான் பெரும்பாலும் மாற்று செக்டர் ஒதுக்கும். சி7 (கேபிள் வழியா வர்ற பிழை) பூஜ்யம், கேபிள் மேல பழி போட முடியாது.

விண்டோஸை பூட் பண்ணாம, லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில (பென் டிரைவ்லேர்ந்தே ஓடுற லினக்ஸ்) ஏறி, அடிபட்ட டிஸ்க்கைக் காப்பி எடுக்கிற ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ ஓட்டுங்க. முதல் சுற்று 'என்' ஆப்ஷனோட: நல்ல இடத்தையெல்லாம் அள்ளிட்டு, முரண்டு பிடிக்கிற இடத்தைச் சுரண்டாம விட்டுடும். அடுத்த சுற்று 'டி' (டிஸ்க்கை நேரடியா படிக்க), 'ஆர்3' (மூணு தடவை மறுமுயற்சி). மேப் ஃபைலை (எது வந்தது, எது வரலைன்னு டிடிரெஸ்க்யூ எழுதி வைக்கிற குறிப்பு) லைவ் யூஎஸ்பியில வைக்காதீங்க, ரீஸ்டார்ட் ஆனா போயிடும். எந்த டிரைவ் எதுன்னு, டிரைவ்களைப் பட்டியல் போடுற எல்எஸ்பிஎல்கே கமாண்ட்ல கொள்ளளவைப் பார்த்து உறுதி பண்ணுங்க. மூலமும் இலக்கும் இடம் மாறினா கதை முடிஞ்சது.

ஏழு_மிமீ:
பழைய டிஸ்க்கைக் கழட்டி யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டாதீங்க. பல அடாப்டர்கள் ரீட் எரர் வந்ததும் தொடர்பை அறுத்துடும். அது உள்ளேயே இருக்கட்டும், இலக்கு வெளியே இருக்கட்டும். 1 டிபி எடுத்து இமேஜ் ஃபைலா (முழு டிஸ்க்கோட நகல் ஒரே ஃபைல்ல) எழுதுங்க. அந்த வெளி டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்ல இருந்தா ஆகாது, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபி தாண்டாது. நடுவுல டக் டக் ஆரம்பிச்சா உடனே அணைச்சு, டேட்டா ரெக்கவரி ஆட்கள்கிட்ட கொடுங்க. ஃப்ரீசர் வைத்தியம் வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும்.

எஸ்எஸ்டி தாராளமா போடலாம். 2.5 இன்ச் சாட்டா (டிஸ்க் மாட்டுற இணைப்பு வகை) வாங்குங்க. பழசு 9.5 மிமீ தடிமன்னா, 7 மிமீ எஸ்எஸ்டிக்கு ஸ்பேசர் ஒட்டணும், இல்லேன்னா கனெக்டர்ல ஆடும். மதர்போர்டு வேகம் குறைஞ்ச பழைய சாட்டா 2-ஆ இருந்தாலும் கவலை இல்லை. சின்னச் சின்ன ஃபைலைத் தேடி எடுக்கிற வேகம்தான் வித்தியாசமே. 480 ஜிபி வாங்கினா 500 ஜிபி இமேஜ் அப்படியே ஏறாது, புதுசா ஓஎஸ் போட்டுக்குங்க.

மங்கல்_திரை:
ரெண்டு சுற்றும் முடிஞ்சது. 20,480 பைட் மட்டும் வரலை. எந்தப் போட்டோ போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்க்ரூ_டிரைவர்:
நாலு கேபி வீதம் அதே 5 இடம். டிடிரெஸ்க்யூவோட ஃபில் மோட்ல, வராத பகுதிகள்ல மட்டும் ஒரு அடையாளச் சொல்லை நிரப்பச் சொல்லுங்க. இமேஜை ரீட் ஒன்லியா மவுன்ட் பண்ணி (படிக்க மட்டும் டிரைவ் மாதிரி திறந்து), அந்தச் சொல்லை கிரெப்ல (ஃபைலுக்குள்ள சொல் தேடுற கமாண்ட்) தேடினா ஃபைல் பேர் வந்து விழும். எதுவும் விழலேன்னா காலி இடத்துலயோ ஃபைல் சிஸ்டத்தோட சொந்தப் பதிவுலயோ இருக்கு. ஜேபெக்னா அடிபட்ட இடத்துக்குக் கீழே சாம்பலாவோ நிறம் மாறியோ தெரியும். ஃபில் மோடை இமேஜ் மேல மட்டும் ஓட்டுங்க, பழைய டிஸ்க் மேல இல்லை.