புதுப்பிப்பு: திரை அணைந்தால் நோட்டிஃபிகேஷன் வராத போன், தீர்வு கிடைத்தது

திரை அணைந்ததும் மெசேஜ் எதுவும் வராமல், போனைத் திறந்தவுடன் மொத்தமாகக் கொட்டுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பேட்டரி ஆப்டிமைசேஷனை அணைத்துப் பார்த்தேன், பலனில்லை. ஆண்ட்ராய்டு 6 (2015) முதல் இருக்கும் டோஸ் (Doze, போன் சும்மா கிடக்கும்போது பேட்டரியை மிச்சப்படுத்த ஆப்களின் பின்னணி வேலையைக் கட்டுப்படுத்தும் வசதி) போதாதென்று, தயாரிப்பாளர் தன் பங்குக்கு இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறார். ஒருவர் சொன்ன 'ஆட்டோஸ்டார்ட்' (ஆப் பின்னணியில் தானாகத் தொடங்க விடும்) அனுமதிதான் வேலை செய்தது. ஆப்பின் அனுமதிகளுக்கு அடியில் ஒளிந்திருந்தது. ஆன் செய்ததும் மெசேஜ் உடனுக்குடன் வருகிறது. போனின் சிஸ்டத்தையே மாற்றிப் போடுவது இன்னொரு வழி; அதற்குப் பூட்லோடரை (போனை ஆன் செய்ததும் சிஸ்டத்தை ஏற்றும் மென்பொருள்) திறந்தால் போனில் உள்ள டேட்டா முழுக்க அழிந்துவிடும் என்பதால் அந்த வம்புக்கே போகவில்லை.

எதிர்பாராதது: சிஸ்டம் அப்டேட் வந்ததும் அந்த அனுமதி தானாகவே ஆஃப் ஆகிவிட்டது. அப்டேட்டுக்குப் பிறகு ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரபலமான ஆப்களுக்கு மட்டும் அது முதலிலிருந்தே ஆனில் இருந்ததுதான் கடுப்பு!