ஞாயிறு ஆலயம், திங்கள் ராம்ப்: தொழில் நடத்தும் விசுவாசிகளே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ராம்ப்காரன், சுங்கை சிப்புட்

2022 மே மாதம். இந்தோனேசியா செம்பனை எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தி வைத்திருந்த நேரம். இங்கே மலேசியாவில் செம்பனைக் குலை விலை டன் ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டி நின்றது. கொல்லையில் நாலு செம்பனை வைத்திருந்தவர்கள்கூட என் ராம்ப்புக்கு, அதாவது குலையை வாங்கி மில்லுக்கு அனுப்பும் இடத்துக்கு, வந்தார்கள். அதில் ஓர் ஆயா, எழுபதுக்கு மேல் இருக்கும். பேரன் மோட்டார் சைக்கிளில் உதிரிப் பழ மூட்டையோடு வாராவாரம் வருவார். லாரிக்குத்தான் பெரிய டிம்பாங் (எடைமேடை), மூட்டைக்கெல்லாம் சின்னத் தராசு.

அன்றைக்கு 49 கிலோ காட்டியது. ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுத் தராசுல 52 இருந்துச்சே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "சரி விடுய்யா, என் தராசு பழசு. நீ வேதக்காரப் பிள்ள, உன் தராசுல பொய் வராது" என்று சொல்லிக்கொண்டே கார்பன் பில்லை எட்டாக மடித்துச் சுருக்குப் பைக்குள் போட்டார்.

தராசு குறைத்துக் காட்டுகிறது என்று எனக்கு முன்பே தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் என் பையன் 25 கிலோ உர மூட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, 23.6தான் வருகிறது என்று சொல்லியிருந்தான். ஆளைக் கூப்பிடலாம், கூப்பிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நான் அதில் கை வைக்கவில்லை, சத்தியம். ஆனால் அதே தராசு எனக்கு நட்டமாகக் காட்டியிருந்தால் அன்று சாயங்காலமே ஆள் வந்திருப்பான்.

ஞாயிறு சபையில் வேதம் வாசிக்கும் முறை எனக்கு. கள்ளத்தராசு வசனம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் வரவில்லை. ஏதோ ஒரு சங்கீதம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மடித்த பில்தான் கண்ணில் நின்றது. திங்கட்கிழமை தராசைச் சரி பண்ணினேன். காசைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜூலைக்குள் விலை படுத்துவிட்டது, அப்புறம் அதுவே சாக்கு.

வேறு யாருக்காவது இப்படி உண்டா?

கிராணி மகன்

அண்ணே, கோபப்படாதீர்கள். அந்த ஆயாவிடம் பழம் விற்க செம்பனை எண்ணெய் வாரியத்து லைசென்ஸ் இருந்ததா? நாலு மரத்தில் வாரம் 50 கிலோ உதிரி எப்படி விழும்? பக்கத்துத் தோட்டத்தில் பொறுக்கியதாகத்தான் இருக்கும். குறைந்துபோன மூன்று கிலோவுக்கு வருத்தப்படுகிறீர்கள், மீதி 49 கிலோ எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

என் கதை சின்னது. அப்பா ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர், சபையில் மூப்பர். பால் கொட்டகையில், ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் கருவியைப் பாலில் விட்டுப் பார்த்து, எப்போதும் ஒரு கோடு குறைத்துத்தான் எழுதுவார். கேட்டால், "கூட எழுதினா துரை என்னைக் கேப்பான்" என்பார். பால் மரம் வெட்டுகிறவர்கள் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் என்பது அவர் அடக்கத்தன்று ஒருவர் குடித்துவிட்டு வந்து சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

துப்புரவுக் கான்டிராக்ட் அக்கா

கிராணி மகன் தம்பி, ஆயா எங்கே பொறுக்கினார் என்பது தனிக் கணக்கு. திருடன் ஏறி நின்றாலும் தராசு சரியாகத்தானே காட்ட வேண்டும்?

என்னிடம் பதினான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு மாதம் பில் காசு வரவில்லை. சட்டப்படி ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டிருக்க வேண்டும், பத்தாம் தேதி ஆகியும் போடவில்லை. அன்று ஞாயிறு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, தசமபாகக் கவர் மட்டும் தயாராக என் கைப்பையில் இருந்தது. அது கர்த்தருடைய பணம், அதைத் தொடக்கூடாது என்று பல வருஷப் பழக்கம்.

ஆலயத்தில் என் பக்கத்தில் நின்றது என்னிடம் வேலை பார்க்கும் பெண். காணிக்கைப் பை என்னைத் தாண்டி அவள் கைக்குப் போனது. என் கவர் பை வாயில் துருத்திக்கொண்டு நின்றது, பெயரும் தொகையும் மேலே கொட்டை எழுத்தில். அவள் நாலாக மடித்த ஒரு வெள்ளி நோட்டைப் போட்டாள். அப்புறம் என் கவர் கீழே விழாமல் விரலால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் வளையலை அடகு வைத்து எல்லோருக்கும் சம்பளம் போட்டேன். பாஸ்டரிடம் சொன்னதற்கு, "விசுவாசப் பரீட்சை சிஸ்டர்" என்றார். பரீட்சை எனக்கு, வீட்டு வாடகை பாக்கி அவளுக்கு.

பழைய வொர்க்ஷாப் அங்கிள்

எனக்கும் ஒன்று உண்டு. 80களில் லாரி வொர்க்ஷாப் வைத்திருந்தேன். போடாத பேரிங்குக்கு ஒரு சீனத் தௌக்கேயிடம் (முதலாளியிடம்) காசு வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் அவரே என் மகள் ஞானஸ்நானத்துக்கு ஆங் பாவ் (அன்பளிப்புப் பணம்) கொடுத்தார். அது கிடக்கட்டும்.

தங்கச்சி, நீ செய்த தப்பு ஒரே கணக்கில் எல்லாக் காசையும் போட்டதுதான். சம்பளத்துக்கென்று பேங்கில் தனிக் கணக்கு திற. எந்தப் பில் வந்தாலும் முதலில் அதில் போடு. 1,700 வெள்ளிக்குக் குறையாமல் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் இபிஎப் (சேமநிதி) முதலாளி பங்கு 13 விழுக்காடு, அப்புறம் சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி). இபிஎப் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். இதையெல்லாம் கட்டிய பிறகு உனக்கு மிஞ்சுவதில்தான் தசமபாகம். சபையில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ராம்ப்காரத் தம்பி, நீ ஞாயிற்றுக்கிழமை ராம்ப்பைச் சாத்து. வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அமிலம் ஏறும் என்பாய். எனக்கும் தெரியும். சனிக்கிழமை வெட்டாதே என்று ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் தீர்ந்தது. தராசு பக்கத்தில் 20 கிலோ படிக்கல் ஒன்று வை, யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துப் பார்க்கட்டும். அமைச்சராக இருந்த நம்ம ஊர் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தபோது தோட்டத்து ஜனங்கள் சிறுகச் சிறுகக் கட்டிய காசில்தான் தோட்டம் வாங்கினார்கள். வேர்வைக் காசை நம்பி ஒருவர் கையில் கொடுத்தார்கள் பார், அதை நினைத்துக்கொள். அப்புறம் பில் புத்தகத்தை ஏழு வருஷம் வைத்திரு, வருமான வரிக்காரன் கேட்பான். கடன் வேண்டுமென்றால் அலோங் (கந்துவட்டிக்காரன்) பக்கம் தலை வைத்துப் படுக்காதே. படிக்கல்லுக்கு முத்திரை முக்கியம், சும்மா இரும்புத் துண்டை வைக்காதே.

இப்போது கிள்ளானில்

அங்கிள், படிக்கல் நல்ல யோசனை. மற்றதை யாரும் கேட்கவில்லை.

சுங்கை சிப்புட்டில் ஒரு மர நாற்காலித் தொழிற்சாலைக்கு நான் மேனேஜராக இருந்தேன். வங்காளதேசப் பையன்கள் ஆறு பேர். முதலாளி சொன்னபடி அவர்கள் பாஸ்போர்ட்டையெல்லாம் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். இன்னொருவர் பாஸ்போர்ட்டை அப்படிப் பிடித்து வைப்பது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். தெரிந்துதான் செய்தேன். ஓடிப்போனால், வெளிநாட்டு ஆளுக்காக அரசாங்கத்துக்குக் கட்டிய லெவி காசு போச்சே என்ற பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்கு உபவாச ஜெபம், போனை அணைத்து வைத்திருந்தேன். சாயங்காலம் வெளியே வந்தால் அதில் ஒரு பையன் வாசலில் என் செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அப்பா இறந்துவிட்டார், இரவு விமானத்துக்கு நண்பர்கள் டிக்கெட் எடுத்துவிட்டார்கள், பாஸ்போர்ட் வேண்டும். மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து காத்திருக்கிறான். உள்ளே வந்து கூப்பிடலாமா என்று தெரியவில்லையாம்.

அலமாரிச் சாவி என் பைபிள் உறையின் ஜிப்புக்குள் இருந்தது. தொலையாது என்று அங்கேதான் வைப்பேன். அவன் முன்னாலேயே ஜிப்பைத் திறந்து எடுத்தேன். அவன் அந்த உறையைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

விமானம் போய்விட்டது. மறுநாள்தான் போனான், மண் போட்ட பிறகு. திங்கட்கிழமை மற்ற ஐந்தையும் எடுத்துக் கொடுத்தேன். முதலாளி கத்தினார், மூன்று மாதத்தில் என்னை மாற்றினார். இரண்டு பேர் ஓடியும் போனார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிராணி மகன்

ஓடினார்கள் அல்லவா? லெவி நட்டம் யார் தலையில்? இதைத்தான் நான் ஆயா விஷயத்திலும் சொல்கிறேன்.

துப்புரவுக் கான்டிராக்ட் அக்கா

தம்பி, அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் போன பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். நீ லெவிக் கணக்குக் கேட்கிறாய்.

ராம்ப்காரன், சுங்கை சிப்புட்

கிராணி மகன் தம்பி கேட்டது சரிதான், லைசென்ஸ் நான் கேட்கவே இல்லை. விலை ஏறிய நேரத்தில் யாரிடமும் கேட்கவில்லை.

நேற்று இரவு பழைய கார்பன் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். பையன் சொன்ன நாளிலிருந்து தராசைச் சரி பண்ணின நாள்வரை சின்ன மூட்டை மட்டும் 63 பில். ஆயா பெயரில் மூன்று. அவருக்குக் குறைத்தது எல்லாம் சேர்த்து இருபது வெள்ளிகூட வராது. இவ்வளவுதானா என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ஆயா இருக்கும் தோட்ட லயத்து (வரிசை வீடுகள்) பக்கம் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறாராம், தீபாவளிக்கு வருவார் என்றார்கள். மீதி 60 பில்லில் பாதிக்கு மேல் பெயரே இல்லை, மோட்டார் நம்பர் மட்டும்தான்.

புதுசு

அண்ணே, உதிரி இன்றைக்கு என்ன விலைக்கு எடுக்கிறீர்கள்?