கேமரா மெமரி கார்டு: ஃபார்மேட் ஆகுது, ஆனா பழைய வீடியோ அழியல

திருவான்மியூர்_வாசல்:
வாசல்ல ஒரு வைஃபை கேமரா, 24 மணி நேரமும் ரெக்கார்டிங். 1080பி, ஹெச்.264 (வீடியோவைச் சுருக்கற முறை), பிட்ரேட் (நொடிக்குப் பதிவாகற டேட்டா அளவு) 2 எம்பிபிஎஸ். உள்ள 32 ஜிபி சாதாரண கார்டு, 14 மாசம் ஓடுச்சு. இப்ப ஆப்ல ஃபார்மேட் கொடுத்தா 'சக்ஸஸ்'னு வருது, ஆனா போன வாரத்து வீடியோ அப்படியே இருக்கு. புதுசா எதுவும் பதிவாகல. மீட்க முடியுமா? அடுத்த கார்டு ரொம்ப நாள் வர என்ன செய்யணும்?

பிட்_கணக்கு:
அந்தக் கார்டு முடிஞ்சிடுச்சு சார். கார்டு மெமரி பிளாக் பிளாக்கா பிரிஞ்சிருக்கும்; கெட்டுப்போற பிளாக்குக்குப் பதிலா கொடுக்க உள்ள கொஞ்சம் உபரி பிளாக் இருக்கும். அது தீர்ந்ததும் கார்டுக்குள்ள இருக்கற கன்ட்ரோலர் சிப்பே எழுதறதைப் பூட்டிடும், எந்த சாஃப்ட்வேராலயும் திறக்க முடியாது. படிக்க முடியறப்பவே வேணுங்கற வீடியோவை கார்டு ரீடர்ல போட்டு காப்பி எடுத்துடுங்க.

2 எம்பிபிஎஸ்னா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 32 ஜிபி கார்டு ஒன்றரை நாளைக்கு ஒரு தடவை முழுசா நிரம்பி அழியுது, வருஷத்துக்கு சுமார் 245 சுத்து. அதே பதிவு 128 ஜிபில 60 சுத்துதான். டிஎல்சி ஃபிளாஷ் (ஒரு செல்லுல மூணு பிட் வைக்கற மெமரி சிப்) 1000 முதல் 3000 சுத்து தாங்கும்னு சொல்றது வழக்கம். ஆனா கேமரா சின்னச் சின்னத் துண்டா எழுதும். ஃபிளாஷ்ல அழிக்கறது பிளாக் பிளாக்கா மட்டும்தான். ஒரு துண்டுக்காக மத்த டேட்டாவையும் வேற இடத்துக்கு நகர்த்தணும். அதனால நிஜத் தேய்மானம் இந்தக் கணக்கை விட பல மடங்கு ஆகலாம். பெரிய கார்டு வாங்கறதுதான் முதல் வேலை. கேமரா எத்தனை ஜிபி வரைக்கும் ஏத்துக்கும்னு முன்னாடியே பார்த்துடுங்க.

நைட்_விஷன்:
கவர்ல இருக்கற கிளாஸ் 10, யூ3, வி30, ஏ2 எல்லாமே வேகத்துக்கான குறி. ஆயுளைப் பத்தி ஒண்ணுமே சொல்லாது. இந்த வேலைக்கு சான்டிஸ்க் ஹை எண்டூரன்ஸ், சாம்சங் ப்ரோ எண்டூரன்ஸ் மாதிரி கார்டு வாங்குங்க. பல சாதாரண கார்டுக்கு 24 மணி நேர ரெக்கார்டிங்னா வாரண்டியே கிடையாது.

கேமரால ஹெச்.265 (ஹெச்.264-க்கு அடுத்து வந்த சுருக்கற முறை) இருந்தா மாத்துங்க, அதே தெளிவுக்கு பிட்ரேட் பாதி போதும். மோஷன் ரெக்கார்டிங் (அசைவு இருந்தா மட்டும் பதிவு) வெச்சா இன்னும் குறையும். ஆனா தெருவும் வேப்பமரமும் ஃப்ரேம்ல இருந்தா நாள் பூரா ட்ரிகர் ஆகி ஒண்ணும் மிச்சமாகாது. கேட்டை மட்டும் சுத்தி டிடெக்‌ஷன் ஏரியா வரைஞ்சுடுங்க.

ரிச்சி_ரவுண்டு:
ரிச்சி ஸ்ட்ரீட்ல (சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும், கேமரால போடறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) ங்கற கார்டு சோதிக்கற சாஃப்ட்வேரை ஓட்டுங்க. முழுக் கார்டும் ஒரு தடவை எழுதிப் படிச்சுப் பார்க்கும்; தேய்மானம் ஒரே சுத்துதான். 128னு காட்டி உள்ள 16 மட்டும் இருக்கற போலிக் கார்டு இதுல மாட்டிக்கும். பில்லோட வாங்கினா மாத்திக்கலாம்.

கரண்ட் கட்டும் கார்டைக் கொல்லும். எழுதிட்டிருக்கும்போது பவர் போனா, எந்த டேட்டா எங்க இருக்குன்னு கன்ட்ரோலர் வெச்சிருக்கற அட்டவணையே கெடலாம். ரூட்டருக்குப் போடற மாதிரி ஒரு மினி யூபிஎஸ் போதும், ஆனா அடாப்டர்ல 5 வோல்ட்னு இருந்தா 5 வோல்ட் அவுட்புட்லயே செருகுங்க. கார்டைக் கழட்டறதுக்கு முன்னாடியும் பவரை நிறுத்திடுங்க.

திருவான்மியூர் உப்புக்காத்துல கார்டோட பித்தளை நிறக் காலெல்லாம் கறுக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால மெதுவா துடைச்சா போதும், ரப்பரால தேய்க்காதீங்க. கேமரா மேற்குச் சுவர்ல இருந்தா மேல ஒரு சின்ன நிழல் தகடு கட்டுங்க. சூடு ஏறினா ஃபிளாஷ்ல டேட்டா நிக்கற காலம் குறையும்.

திருவான்மியூர்_வாசல்:
நன்றி. மாசம் ஒரு தடவை ஃபார்மேட் பண்ணலாமா? தேய்மானம் கூடுமா?

பிட்_கணக்கு:
கேமராக்குள்ளயே பண்ணுங்க. அது பெரும்பாலும் ஃபைல் அட்டவணையை மட்டும் புதுசா எழுதும், தேய்மானம் ரொம்பக் கம்மி. கம்ப்யூட்டர்ல 'ஃபுல் ஃபார்மேட்' மட்டும் வேணாம், முழுக் கார்டையும் ஒரு சுத்து வீணா எழுதிடும். ஃபார்மேட் முடிஞ்சதும் ஒரு புது கிளிப் பதிவாகி பிளே ஆகுதான்னு பாருங்க. ஆப்ல வர்ற 'சக்ஸஸ்' போதாது.